கடைசி ஓட்டக்காரி

ஜனவரி 8

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உன் வயித்து வலி எப்படி இருக்கு? நேரத்துக்குச் சாப்பிடறியா, இல்ல மூக்குக் கண்ணாடிக் கடையே கதின்னு கிடக்கறியா? பக்கத்து வீட்டுப் போன்ல பேசலாம்னா அந்தம்மா காதைத் தீட்டிக்கிட்டுப் பக்கத்துலயே நிக்குது. அதனால நமக்குக் கடிதம்தான் சரி.

நம்ம பள்ளிக்கூடத்துக்கு இது பொன்விழா வருஷம். ஏப்ரல் கடைசியில விழா. பேர் வாங்கின பழைய மாணவர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பதக்கமும் கேடயமும் குடுக்கப் போறாங்க. ஒரு நீதிபதி வர்றார், கப்பல்ல வேலை பார்க்கிற என்ஜினீயர் ஒருத்தர் வர்றார். ஆனா முதல் வரிசையில யார்னு நினைக்கிறே? நீங்க நாலு பேரும்தான். நீ, குருவி, நெட்டை, அப்புறம் அந்த உருண்டை முகக்காரி. தேசியப் போட்டியில ரிலே ஜெயிச்ச டீமை இந்த ஊர் இன்னும் மறக்கல.

உன் அத்தான் பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க் ஆச்சே, விழா வேலை மொத்தத்தையும் அவர் தலையில கட்டிட்டாங்க. நாற்காலியிலேருந்து மைக் செட் வரைக்கும் அவர் பாடு.

உங்களை ஓட வச்ச பி.டி. மாஸ்டர் நம்ம வீட்டுக்கே வந்து சொன்னார். தலை நரைச்சுப் போச்சு, கழுத்துல விசில் மட்டும் அப்படியே தொங்குது. உன் கழுத்துல பதக்கத்தை அவர் கையாலதான் போடுவாராம்.

இன்னொரு சந்தோஷம், நேர்ல சொல்லலாம்னு வச்சிருந்தேன், வாய் நிக்கல. நம்ம வாலுப் பொண்ணு இப்ப அவர் டீம்ல ஓடறா. ரிலேல நீ ஓடின அதே கடைசி ஆள் இடம். சித்தி மாதிரியே ஓடறான்னு ஊரே பேசுது.

வர்ற தேதியை எழுது. உடம்பைப் பார்த்துக்கோ.

உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாச்சு. பதில் எழுதத் தாமதமாயிடுச்சு, கோவிச்சுக்காதே. நான் நல்லா இருக்கேன். நீயும் அத்தானும் வாலுவும் நல்லா இருக்கணும்.

விழாவுக்கு என்னால வர முடியும்னு தோணல. கடையில ஏப்ரல்ல புது ஃபிரேம் எல்லாம் வந்து இறங்கும். ஆளும் குறைவு. கேடயத்தை அத்தானே வாங்கி வச்சுக்கட்டும்.

வாலு ஓடறதை நீ இதுவரைக்கும் எழுதவே இல்லையே. எப்போலேருந்து ஓடறா? மாஸ்டர் தினமும் நம்ம வீட்டுக்கு வர்றாரா?

மத்த மூணு பேரும் வர்றாங்களா?

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சௌக்கியம். எனக்குத்தான் தையல் கடையில குனிஞ்சு குனிஞ்சு கழுத்து பிடிச்சுக்குது.

வாலு போன வருஷம் பள்ளி திறந்ததும் சேர்ந்தா. நீ பயப்படுவேன்னுதான் எழுதல. நீதான் கல்யாணம் ஆகிப் போறப்ப, வாலுவை ஓட்டத்துல விடாதேன்னு சொல்லிட்டுப் போனியே. அப்ப அவ தொட்டில்ல கிடந்தா. நீ எதுக்கு அப்படிச் சொன்னேன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

இப்ப அவளைப் பார்த்தா உனக்கு அடையாளமே தெரியாது. சாப்பாட்டுல சிணுங்கினவ இப்ப பானையையே காலி பண்றா. ஆறு மாசத்துல தோள்பட்டை இப்படி விரிஞ்சு நான் எந்தப் பொண்ணுக்கும் அளவு எடுத்ததில்ல. யூனிபார்ம் சட்டையைப் பிரிச்சுப் பிரிச்சு, இனிமே பிரிக்கத் துணி இல்ல. முகமெல்லாம் பரு. சளி பிடிச்ச மாதிரி தொண்டை கட்டிக்கிட்டு கிடக்கு, கஷாயம் போட்டுக் குடுத்தும் போகல. கோவம் மட்டும் மூக்குக்கு மேல வருது. அன்னிக்குத் தட்டைத் தூக்கிச் சுவத்துல அடிச்சா. உன் அத்தான் சிரிச்சுக்கிட்டே, சிங்கத்தைப் பெத்திருக்கேன்னார்.

மாஸ்டர் தினமும் காலையில வர்றார். பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி சத்து மாத்திரையைத் தன் கையால குடுத்து, முழுங்கினாளான்னு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். பெத்த அப்பன்கூட இவ்வளவு அக்கறை எடுத்துக்க மாட்டான். விளையாட்டு ஒதுக்கீட்டுல அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் குடுக்கிறது என் பொறுப்புன்னு வாக்கு குடுத்திருக்கார்.

உருண்டை முகக்காரி எங்க இருக்கான்னே தெரியல. நெட்டைக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்ல. குருவிக்குப் பதிலா அவங்க அம்மா மேடை ஏறப் போறாங்க. பாவம், அவ போட்டோவைச் சட்டம் போட்டு வச்சிருக்காங்களாம்.

நீ சாக்கு சொல்லாம வர்ற வழியைப் பாரு.

உன் அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

உன் கடிதம் இன்னிக்குத்தான் வந்தது. உடனே எழுதறேன். மத்ததெல்லாம் அப்புறம்.

அந்த மாத்திரை என்ன நிறம்? கடை அட்டையில வருதா, பிரிச்சு உதிரியா வருதா? வாலுவுக்கு மாதாமாதம் சரியா வருதா? முகவாய்ல, மேல் உதட்டுல முடி தெரியுதா?

குருவி எப்படிப் போனா? யார் உனக்குச் சொன்னாங்க?

இதை அத்தான்கிட்ட காட்ட வேண்டாம். சீக்கிரம் பதில் போடு.

தங்கை


மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

என்னடி இது, போலீஸ் விசாரணை மாதிரி? சௌக்கியமான்னு ஒரு வார்த்தை கேட்கல. நான் நல்லாத்தான் இருக்கேன், நீ கேட்காட்டியும் சொல்லிக்கறேன்.

விழா வேலையில வீடு வீடா இல்ல, அதான் லேட்டு.

மாத்திரை ரோஸ் நிறம், சின்னது. ஒரு பேப்பர்ல மடிச்சுக் கொண்டு வர்றார். மொத்தமா வாங்கறவருக்கு அட்டை எதுக்குன்னு நானும் கேட்கல. மாதாமாதம் வந்து கொஞ்ச நாளாச்சு. ஓடற பிள்ளைங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னு மாஸ்டர் முன்னாடியே உன் அத்தான்கிட்ட சொல்லிட்டார். உனக்கும் அப்படித்தானே இருந்துச்சு? அம்மா உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அழுததும், மாஸ்டர் வந்து சமாதானம் சொன்னதும் உனக்கு ஞாபகம் இல்லையா? முடியைப் பத்திக் கேட்டே. வயசுப் பொண்ணு கண்ணாடி முன்னாடி நின்னு கத்திரிக்கோலால என்னமோ பண்றா. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிட்டேன்.

குருவி மாடிப்படி ஏறிக்கிட்டு இருந்தவ அப்படியே உட்கார்ந்தாளாம். இருதயம் பெருசா வீங்கிப் போச்சுன்னு டாக்டர் சொன்னாராம். அவங்க அம்மாதான் கடையில சட்டை தைக்கக் குடுக்க வந்தப்ப சொன்னாங்க. முப்பத்தஞ்சு வயசுகூட ஆகல.

இதையெல்லாம் எதுக்குக் கேட்கறே? மனசுல எதையாவது வச்சுக்கிட்டு மறைக்கறியா? மாஸ்டர்கூட அன்னிக்குக் கேட்டார், ‘அவ ஏன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல? என் மேல ஏதாவது வருத்தமா?’ன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டார்.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இதைக் கதவைச் சாத்திக்கிட்டுப் படி.

அது சத்து மாத்திரை இல்லை. எனக்கும் அதேதான் குடுத்தார். குருவிக்கும் நெட்டைக்கும்கூட. வரிசையா நிக்க வச்சு வாயைத் திறக்கச் சொல்லுவார். ஆம்பளைங்க உடம்புல ஊறுற சுரப்பை மருந்தாக்கி மாத்திரையில அடைச்சிருக்காங்க. சதை ஏறும், ஓட்டம் கூடும். மத்ததையும் அது செய்யும். எனக்கே இதெல்லாம் கல்யாணம் ஆகி ரொம்ப நாள் கழிச்சு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரியும். சின்ன வயசுல என்ன சாப்பிட்டேன்னு அவர் துருவித் துருவிக் கேட்டார்.

அன்னிக்கு உன்கிட்ட ஓட்டத்துல விடாதேன்னு சொன்னப்ப எனக்கு எதுவும் தெரியாது. மாஸ்டர் தொட்டிலை எட்டிப் பார்த்து, ‘இது என் அடுத்த ரிலேக்கு’ன்னார். அது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்.

எனக்குப் பிள்ளை ஏன் இல்லைங்கறது உங்க எல்லாருக்கும் ஒரு கேள்வி. என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டு ஏன் போனார்ங்கறது இன்னொரு கேள்வி. ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான். வயித்துப் புண்ணுக்கு ஆபரேஷன்னு உனக்கு எழுதினேன். அது கல்லீரல்ல கட்டி. ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தாங்க. கடையில போனை எடுத்தா எல்லாரும் ‘சார்’னுதான் கூப்பிடறாங்க. நான் திருத்தறதை விட்டுட்டேன். சளி போனா குரல் வரும்னு நீ கஷாயம் போடறே. எனக்கும் அம்மா போட்டா.

நெட்டையும் நானும் ஒரே ஆஸ்பத்திரி வராந்தாவுல சந்திச்சோம். அவளைப் பத்தி இதுக்கு மேல எழுத எனக்கு மனசு இல்ல.

இன்னிக்கே நிறுத்து. அவளை நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. கண்ணு வெள்ளை மஞ்சளா தெரியுதான்னு பகல் வெளிச்சத்துல பாரு. மாஸ்டர்கிட்ட எதுவும் கேட்காதே. கேட்டா நல்லவர் மாதிரி பேசுவார், நம்பிடுவே.

உன் தங்கை


மார்ச் 30

அக்கா,

நலமா? போன கடிதம் வந்து சேர்ந்ததா? பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணேன். நீ வீட்டுல இல்லைன்னாங்க. மறுபடியும் பண்ணேன், அப்பவும் அதையே சொன்னாங்க. பின்னாடி உன் இருமல் சத்தம் கேட்டது.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தங்கை


ஏப்ரல் 6

தங்கைக்கு,

நலம். நீயும் நலமா இருப்பேன்னு நினைக்கறேன்.

உன் கடிதத்தை உன் அத்தான்தான் முதல்ல படிச்சார். நேரா மாஸ்டர்கிட்ட போய்க் கேட்டுட்டார். மாஸ்டர் கோவப்படவே இல்ல. உன்னைப் பத்தி ரொம்ப வருத்தப்பட்டார். வாழ்க்கை சரியா அமையாத பொண்ணு, எங்கேயாவது பழியைப் போட்டாத்தான் மனசு ஆறும்னு சொன்னாராம். அப்புறம் ஒரு பாட்டிலைக் காட்டினாராம். சத்து மாத்திரைன்னு அதுலயே எழுதியிருக்காம்.

வாலு தேர்வுப் போட்டிக்குத் தகுதி ஆயிட்டா. விழாவுல அவளுக்கும் ஒரு பதக்கம் உண்டு. இந்த நேரத்துல இப்படி ஒரு பேச்சு வெளியே போனா, அவ வேலையும் போச்சு, உன் அத்தான் வேலையும் போச்சு.

~~~~~~~~~~~~~~~~

மேல ஒரு வரி எழுதி அடிச்சிருக்கேன். வெளிச்சத்துல பிடிச்சுப் படிக்காதே.

நீ விழாவுக்கு வர வேண்டாம். கேடயத்தைத் தபால்ல அனுப்பறாங்களாம்.

அக்கா


மே 2

அன்புத் தங்கச்சிக்கு,

நீ பத்திரமா போய்ச் சேர்ந்திருப்பேன்னு நம்பறேன். விழாவுக்கு வந்தவ வீட்டு வாசல் வரைக்கும்கூட வராம அப்படியே பஸ் ஏறிட்டே. நான்தானே வராதேன்னு எழுதினேன். உன் மேல தப்பில்ல. இனிமே கடிதத்தைத் தையல் கடை முகவரிக்குப் போடு.

நீ மேடையை விட்டுக் கீழே இறங்கினதும் என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

பின்னாடி கதவு பக்கம் நீ நிக்கிறதை நான் பார்த்தேன். உன்னைக் கூப்பிட வேண்டாம்னு உன் அத்தான் சொல்லி வச்சிருந்தார், ஆனா தலைமை ஆசிரியை உன்னைக் கண்டுபிடிச்சு மைக்கிலயே கூப்பிட்டுட்டாங்க. என்ன கைதட்டல். மாஸ்டர் பதக்கத்து ரிப்பனை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னார். நீ தலையைக் குனிவேன்னு எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தோம். நீ குனியல.

‘மாஸ்டர், குருவிக்கு என்ன குடுத்தீங்கன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லுங்க’ன்னே. அதுவரைக்கும்தான் மைக்கில வந்துச்சு. அணைச்சது உன் அத்தான்தான். நான் அவர் கையைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.

முன் வரிசையில சில பேருக்கு மட்டும் மீதி கேட்டுச்சு. பின்னாடி இருந்தவங்க நீ நன்றி சொல்றேன்னு நினைச்சு இன்னும் பலமா கைதட்டினாங்க. மாஸ்டர் சிரிச்ச முகத்தோட உன் முதுகைத் தட்டி இறங்க வச்சார். பேண்டு வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதோட நீ போயிட்டே.

குருவி அம்மா மடியில போட்டோவோட உட்கார்ந்திருந்தாங்க. அவங்க பேர் வந்தப்ப எழுந்திருக்கவே இல்ல. கேடயத்தை மாஸ்டரே கொண்டு போய்க் குடுத்தார். அவங்க அவரை நிமிர்ந்து பார்த்து, ‘அவ தினமும் வாயைத் திறந்து காட்டணும்னு சொல்லுவா. நான் விளையாட்டுன்னு நினைச்சேன்’னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க. நான் ரெண்டாவது வரிசையில இருந்தேன். எனக்குக் கேட்டுச்சு.

அப்புறம் நம்ம வாலுவைக் கூப்பிட்டாங்க. பதக்கம் போட்டுக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. அவ பேசினா. உன் அத்தான் அணைச்ச மைக்கை மறுபடி போட்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கிட்டேன். கண்ணை மூடினா அங்க பேசறது நீதான்.

மறுநாள் காலையில மாஸ்டர் எப்பவும் போல வந்தார். நான் வாசலை மறிச்சுக்கிட்டு நின்னேன். இனிமே வேண்டாம்னு சொன்னேன். அவர் குரலை உயர்த்தல. ‘இப்ப திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காதும்மா, போட்டி முடியட்டும்’னார். உன் அத்தான் உள்ளே பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். பக்கத்தைத் திருப்பற சத்தம்கூட வரல.

அப்ப வாலு என் பின்னாடியிருந்து வந்தா. வந்து என் தோளுக்கு மேல கையை நீட்டினா. ‘குடுங்க மாஸ்டர்’னா. என்னைப் பார்த்து, ‘சித்தி ஜெயிச்சாங்க இல்ல? நீ என்ன ஜெயிச்சே?’ன்னா. அவ கையை இழுத்தேன், என்னைத் தள்ளிவிட்டா. நான் கதவுல போய் மோதிக்கிட்டேன். பெரிய காயம் இல்ல, நெத்தியில சின்ன வீக்கம்தான். அவ என் கண் முன்னாடியே முழுங்கிட்டு, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்து காட்டினா.

நேத்து அவ தூங்கறப்ப ஜன்னல் திரையை விலக்கி, இமையை விரலால தூக்கிப் பார்த்தேன். நீ எழுதின மாதிரிதான் இருக்கு.

அவளை உன்கிட்ட பஸ் ஏத்தி அனுப்பட்டுமா? சித்தி ஷூ வாங்கித் தர்றாங்கன்னு சொன்னா வருவா.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நெத்தி வீக்கம் வடிஞ்சிருச்சா?

அவளைத் தனியா அனுப்பாதே. நீயே கூட்டிட்டு வா. அந்த வயசுல என்னை யாராவது பஸ் ஏத்தி அனுப்பியிருந்தா, நான் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி மைதானத்துக்கு ஓடியிருப்பேன். ஷூ பத்தியெல்லாம் பொய் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரிக்குன்னே சொல்லு. கத்துவா, கத்தட்டும். ஜன்னலோர சீட்டை அவளுக்குக் குடுத்துட்டு நீ வழியை அடைச்சு உட்காரு. அத்தானுக்கு வண்டி கிளம்பினப்புறம் தெரிஞ்சா போதும்.

டாக்டர்கிட்ட சொல்லி வச்சுட்டேன். என் வீட்டுல ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு. வந்துடு.

உன் தங்கை


ஆகஸ்ட் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

வாலு எழுதறது. என்னை இங்க விட்டுட்டு ஊருக்குத் திரும்பினதிலேருந்து நீ எப்படி இருக்கே? நேரத்துக்குச் சமைச்சுச் சாப்பிடறியா, இல்ல தையல் கடையிலேயே டீயைக் குடிச்சுட்டு ஒப்பேத்தறியா? அப்பா ஒரு தடவைகூட எழுதல. உன்கூடவாவது பேசறாரா?

நான் பரவாயில்ல. இந்த வாரம் மறுபடியும் ஊசி போட்டு ரத்தம் எடுத்தாங்க. ஈரல் வீக்கம் வடியுதாம். டாக்டர் சந்தோஷமா சொன்னார். குரல் எப்ப சரியாகும்னு கேட்டேன். அவர் சித்தியைப் பார்த்தார், சித்தி ஜன்னலைப் பார்த்தாங்க. அப்புறம் நான் கேட்கல.

முதல் மாசம் முழுக்க நான் சித்திகிட்ட பேசல, உனக்கே தெரியும். ஒரு நாள் அவங்க கடைக்குப் போயிருந்தேன். போன் அடிச்சுச்சு, நான் எடுத்தேன். ‘சார், கண்ணாடி ரெடியா?’ன்னு ஒருத்தர் கேட்டார். ரெடி சார்னு சொல்லி வச்சுட்டேன். சித்தி லென்ஸைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சோம். அதுக்கப்புறம் நான் பாத்ரூம்ல போய் ரொம்ப நேரம் இருந்தேன்.

நீ குருவி அக்கா அம்மாவோட போய்க் குடுத்த புகாருக்கு ஏதாவது பதில் வந்துச்சா? வராதுன்னுதான் சித்தி சொல்றாங்க. விழாவுல எடுத்த போட்டோவைப் பள்ளிக்கூட வாசல்ல பெருசா மாட்டியிருக்காங்கன்னு எழுதியிருந்தே. அதுல நான் எப்படி இருக்கேன்னு எழுதாதே.

அம்மா, ஒரு விஷயம். என் இடத்துல இப்ப கடைசியா ஓடறது பேக்கரிக்காரர் பொண்ணுன்னு கேள்விப்பட்டேன். நான் இருக்கறப்ப அவ மூச்சு வாங்கிக்கிட்டு எப்பவும் பின்னாடிதான் வருவா. இப்ப எல்லாரையும் முந்தறாளாமே.

நீ அவங்க வீட்டுக்குப் போ. அவ அம்மா உன்கிட்டதானே துணி தைக்கறாங்க? அளவு எடுக்கற மாதிரி தோளைப் பாரு. காலையில மாஸ்டர் வீட்டுக்கு வர்றாரான்னு கேளு. அவங்க உன்னை உள்ளே விட மாட்டாங்க. வயித்தெரிச்சல்ல சொல்றேன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு உன்னைத் தள்ளிக்கூட விடுவா.

அப்படித் தள்ளினா வந்துடாதே, அம்மா. அங்கேயே நில்லு.

உன் மகள்